ரசீது பிரிண்டரில் தமிழ் பில்: எல்லாம் சீன எழுத்தாக வருகிறது, வழி சொல்லுங்கள்

சுக்குமல்லி எழுதியது:

வணக்கம். சித்தப்பாவின் மளிகைக் கடைக்கு நானே பைத்தானில் ஒரு பில் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். கடையில் இருப்பது பழைய லேப்டாப், அதில் லினக்ஸ். பிரிண்டர் 80 மி.மீ தெர்மல் (சூட்டால் அச்சிடுவது), யூஎஸ்பி வழியாக இணைத்திருக்கிறேன். பெட்டியின் மேல் 'ஈஎஸ்சி பாஸ் கட்டளைகளை ஏற்கும்' என்று போட்டிருந்தது (ரசீது பிரிண்டர்கள் பலவற்றுக்கும் பொதுவான கட்டளைத் தொகுப்பு அது). ஆங்கிலத்தில் அடித்தால் அழகாக வருகிறது, தாளும் வெட்டுகிறது. ஆனால் 'துவரம் பருப்பு' என்று அனுப்பினால் வரி முழுக்கச் சீன எழுத்து!

முதல் நாள் வேறொரு தொல்லை. பைத்தானிலிருந்து திறந்தாலே 'சாதனம் வேறு வேலையில் இருக்கிறது' என்று பிழை வந்தது. லினக்ஸின் யூஎஸ்பிஎல்பி என்ற கெர்னல் தொகுதி பிரிண்டரை முன்பே பிடித்து வைத்திருக்கிறது என்று அப்புறம்தான் புரிந்தது. அதனால் யூஎஸ்பி நூலகத்தை விட்டுவிட்டு, டெவ் அடைவில் யூஎஸ்பிக்குள் இருக்கும் எல்பி0 கோப்பை நேராகத் திறந்து பைட்டுகளை எழுதுகிறேன். பயனரை எல்பி குழுவில் சேர்த்ததும் அனுமதிப் பிரச்சினையும் தீர்ந்தது. மிச்சம் இருப்பது தமிழ் மட்டும்தான்.

பொருள் பெயரை ஆங்கிலத்திலேயே போட்டுவிடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வயதான பெண்கள். பில்லைக் கையில் வாங்கி அப்படியே மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொள்கிறார்கள், படிக்க முடியாததால். வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளை படித்துச் சொன்னால்தான் எதற்கு எவ்வளவு என்று தெரியும். அதை மாற்றத்தான் இந்த வேலையையே ஆரம்பித்தேன், அதனால் ஆங்கிலம் எனக்குத் தீர்வு இல்லை.

ஒற்றைப்பிட் எழுதியது:

சுக்குமல்லி, பிரிண்டரில் பழுது எதுவும் இல்லை. என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

நீங்கள் அனுப்புவது யூடிஎஃப்-8, அதாவது யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். எல்லாமே 224, 174 என்றோ 224, 175 என்றோதான் தொடங்கும், மூன்றாவது பைட் மட்டும் மாறும். 'துவரம் பருப்பு' கண்ணுக்கு 8 எழுத்து, நடுவில் ஓர் இடைவெளி. கணினிக்கு அது 14 குறியீடு, 40 பைட். இந்த வகைப் பிரிண்டர்கள் பல, இயக்கியதும் சீன எழுத்து முறையில்தான் விழிக்கும். அந்த முறையில் 127-க்கு மேலான பைட்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரு சீன எழுத்தாகப் படிக்கும். உங்கள் 40 பைட் அப்படித்தான் சீனமாகிவிட்டது.

சீன முறையை அணைக்க 28, 46 என்ற இரண்டு பைட் போதும். (எண்கள் எல்லாம் பதின்மத்தில் தருகிறேன், அப்படியே பைத்தானின் பைட்ஸ் பட்டியலில் போடலாம்.) முதலில் 27, 64 அனுப்பிப் பிரிண்டரைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு அதை அனுப்புங்கள். ஆனால் அதனால் தமிழ் வந்துவிடாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அனுப்பிப் பார்த்துவிட்டு என்ன வருகிறது என்று எழுதுங்கள்.

சுக்குமல்லி எழுதியது:

அனுப்பினேன். சீனம் போய்விட்டது. இப்போது கிரேக்க ஆல்ஃபா, அதை ஒட்டி இரட்டைக் கோண மேற்கோள் குறி, மறுபடி ஆல்ஃபா, மறுபடி கோணக் குறி என்று வரிசையாக வருகிறது. நடுவில் கோடு கோடாகக் கட்டம் போடும் குறிகளும் இருக்கின்றன.

ஒற்றைப்பிட் எழுதியது:

வர வேண்டியதுதான் வந்திருக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் பட்டியலுக்குக் குறியீட்டுப் பக்கம் என்று பெயர். 437 என்ற பழைய குறியீட்டுப் பக்கத்தில் 224 என்றால் ஆல்ஃபா, 174-உம் 175-உம் அந்தக் கோணக் குறிகள். 27, 116 என்று போட்டு அடுத்து ஓர் எண் கொடுத்தால் குறியீட்டுப் பக்கம் மாறும். ஐரோப்பிய மொழிகள், சிரிலிக், கிரேக்கம், சிலவற்றில் தாய், அரபு எல்லாம் கிடைக்கும். நீங்கள் வைத்திருக்கும் விலையில் கிடைக்கும் பிரிண்டர்களில் தமிழ்ப் பக்கம் கொண்ட ஒன்றை இதுவரை நான் பார்த்ததில்லை. ₹ குறியும் பெரும்பாலான பக்கங்களில் இல்லை. அது 2010-இல் வந்த குறி, இந்தப் பட்டியல்கள் அதற்கு ரொம்ப முந்தியவை.

அப்படியே ஒரு தமிழ்ப் பக்கம் இருந்தாலும் போதாது. உள் எழுத்துரு ஒவ்வோர் எழுத்துக்கும் 12 புள்ளி அகலம், 24 புள்ளி உயரம் என்று ஒரே அளவுக் கட்டம். அதில் 'ர' உட்காரும். 'ணை'யையோ 'ஔ'வையோ 12 புள்ளிக்குள் எப்படித் திணிப்பது?

எனவே பில்லை எழுத்தாக அனுப்பாதீர்கள். கணினியிலேயே படமாக வரைந்து, அந்தப் படத்தின் புள்ளிகளை அனுப்புங்கள். பிரிண்டருக்கு மொழியே தெரிய வேண்டியதில்லை.

தட்டச்சன் எழுதியது:

ஒற்றைப்பிட் சொல்வதுதான் சரியான பாதை. டாட் மேட்ரிக்ஸ் காலத்திலும் நாங்கள் இதைத்தான் செய்தோம். 27, 42 கட்டளையால் ஊசி ஊசியாக வரைகலை அனுப்பித் தமிழ் எடுத்தோம். ஒரு பக்கம் முடிய ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம்.

இன்னொரு வழியும் உண்டு, அதில் நான் ஒரு மாதத்தைத் தொலைத்தேன் என்பதால் எச்சரிக்கிறேன். 27, 38 கட்டளையால் நாமே எழுத்து வடிவங்களைப் பிரிண்டரில் ஏற்றலாம். 32 முதல் 126 வரை, மொத்தம் 95 இடம். தமிழுக்கு 247 எழுத்து என்றாலும் துண்டுகளாகப் பிரித்தால் 95-க்குள் அடக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கொம்பு, கால், இரட்டைக் கொம்பு எல்லாம் தனித் துண்டு. உகர ஊகார வரிசைக்குத்தான் தனித்தனி வடிவம் வேண்டும்: கு, சு, டு, ணு, து என்று ஒவ்வொன்றும் வேறு மாதிரி வளைகிறதே. கடைசியில் அடக்கியும்விட்டேன். ஆனால் அந்த 95 இடத்தில் ஆங்கிலமும் எண்ணும் இருந்தன, அவை போய்விட்டன. மின்சாரம் போய் வந்தால் ஏற்றியதும் போய்விடும், மறுபடி ஏற்ற வேண்டும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மழைக்கால நிரல் எழுதியது:

எல்லாரும் ஏன் பைட் பைட்டாகப் போராடுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. பில்லை ஒரு எச்டிஎம்எல் பக்கமாக எழுதுங்கள், குரோமிலிருந்து பிரிண்ட் கொடுங்கள், பிரிண்டர் டிரைவர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வரைவதெல்லாம் உலாவி முன்பே சரியாகச் செய்கிறது. சிஎஸ்எஸ்-இல் பக்க அகலம் 80 மி.மீ, ஓரம் 0 என்று கொடுத்தால் போதும். ஒவ்வொரு தடவையும் அச்சு உரையாடல் பெட்டி வரக்கூடாது என்றால் குரோமைக் கியோஸ்க் பிரிண்டிங் என்ற சுவிட்ச் போட்டுத் திறக்கலாம். இரண்டு ஜவுளிக் கடைகளில் இப்படித்தான் ஓடுகிறது, மூன்று வருஷமாகப் புகார் இல்லை.

ஒற்றைப்பிட் எழுதியது:

> குரோமிலிருந்து பிரிண்ட் கொடுங்கள், பிரிண்டர் டிரைவர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்

தவறான வழி என்று நான் சொல்ல மாட்டேன். விண்டோஸும் நல்ல டிரைவரும் இருக்கிற இடத்தில் இது சீக்கிரம் முடிகிற வழி. ஜவுளிக் கடையில் ஒரு பில்லில் நாலு பொருள் இருக்கும். மளிகையில் மாதச் சாமான் என்றால் அறுபது வரி. டிரைவரில் தாளின் நீளம் 297 மி.மீ என்று இருந்தால் அதற்கு மேல் போனதும் அடுத்த பக்கம் என்று நினைத்து நடுவிலேயே வெட்டிவிடும். நீளத்தைக் கூட்டி வைத்தால் சில டிரைவர்கள் சின்னப் பில்லுக்கும் வெற்றுத் தாளை ஓட்டித் தள்ளும். கல்லாப்பெட்டியை எப்போது திறப்பது, தாள் தீர்ந்ததா என்று எப்படிக் கேட்பது, இதெல்லாம் உலாவி வழியில் நம் கையில் இருக்காது.

அவருடைய லேப்டாப் லினக்ஸ், பிரிண்டருக்கு ஒழுங்கான டிரைவர் கிடைக்குமா என்பதும் சந்தேகம்தான். நேராகப் பைட் எழுதுவது அவருக்கு ஏற்கனவே வேலை செய்கிறது, அதை ஏன் விட வேண்டும்?

மழைக்கால நிரல் எழுதியது:

நடுவில் வெட்டும் விஷயம் எனக்கும் ஒரு தடவை நடந்தது, தீபாவளிச் சமயத்தில், ஒரே குடும்பம் முப்பது உருப்படி எடுத்தபோது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதிதாக எழுதுகிறவர்களுக்கு என் வழியில் ஒரே நாளில் தமிழ் பில் கிடைத்துவிடும் என்பதையும் பதிவு செய்கிறேன்.

சுக்குமல்லி எழுதியது:

படமாகவே போகிறேன். பைத்தானில் படம் வரையப் பயன்படும் பில்லோ என்ற நூலகத்தில் வரைந்து பார்த்தேன். வந்துவிட்டது என்று ஒரு நொடி துள்ளினேன், அப்புறம் உற்றுப் பார்த்தால் 'கோதுமை' கோதுமையாக இல்லை. முதலில் 'க', அதற்கு வலப்பக்கம் இரட்டைக் கொம்பும் காலும் சேர்ந்து ஒரு துண்டு. 'து'வில் த தனியாக, உகரக் குறி தனியாக. 'மை'யில் ம-வுக்குப் பின்னால் ஐகாரக் குறி. எல்லாத் துண்டும் இருக்கிறது, இடம்தான் மாறிக் கிடக்கிறது. எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ். எழுத்துருவை மாற்றியும் பார்த்தேன், அதேதான்.

தட்டச்சன் எழுதியது:

எழுத்துரு நல்லதுதான். யூனிகோடில் தமிழ் சொல்கிற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது, எழுதுகிற வரிசையில் இல்லை. முதலில் மெய்யின் குறியீடு, பின்னால் உயிர்க்குறி. கொம்பை இடப்பக்கம் தூக்கிப் போடுவதும், 'து'வுக்கான முழு வடிவத்தை எடுத்து வருவதும் எழுத்துக் கோர்வை செய்யும் நிரலின் வேலை. ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் அதைச் செய்கிறது. பில்லோ அதை ராக்ம் என்ற இன்னொரு நூலகம் வழியாகக் கூப்பிடும். ராக்ம் கிடைக்காவிட்டால் எந்த எச்சரிக்கையும் கொடுக்காமல் 'அடிப்படை' முறைக்கு இறங்கி, குறியீடுகளை வந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிவிடும். நீங்கள் பார்த்தது அதுதான்.

பில்லோ 8.2-லிருந்து பிப் (பைத்தானின் நிறுவும் கருவி) வழியாக நிறுவினால் ராக்ம் கூடவே வரும். ஆனால் ஃப்ரிபிடி என்ற நூலகம் கணினியில் இருந்தால்தான் அது விழித்துக்கொள்ளும். லினக்ஸில் ஃப்ரிபிடியை நிறுவுவது ஒரு வரி வேலை. நிறுவிவிட்டு, பில்லோவின் ஃபீச்சர்ஸ் பகுதியில் ராக்ம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், 'உண்மை' என்று வர வேண்டும். நிரல் தொடங்கும்போதே இந்தச் சோதனையை வைத்து, இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு கணினிக்கு மாற்றும்போது உடைந்த தமிழோடு பில் போய்க்கொண்டே இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இன்னொன்று. பொருள் பட்டியலைப் பலர் தட்டச்சு செய்தார்களா? 'கொ' என்பதை க-வுடன் ஒகரக் குறியாக ஒரே குறியீட்டிலும் போடலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் போடலாம். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், தேடினால் பொருந்தாது. உள்ளே வாங்கும்போதே என்எஃப்சி முறைக்கு, அதாவது இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு முறைக்கு, மாற்றிவிடுங்கள். ஔகாரத்துக்கு ள-வைத் தட்டி வைத்திருப்பார்கள், அதை மட்டும் என்எஃப்சி திருத்தாது, கையால்தான் தேட வேண்டும்.

சுக்குமல்லி எழுதியது:

அண்ணா, ஃப்ரிபிடி போட்டதும் கோதுமை கோதுமையாகிவிட்டது. ரொம்ப நன்றி. இரண்டு பேர் உள்ளிட்ட பட்டியலில் 'கொத்தமல்லி' இரண்டு விதமாக இருந்ததும் உண்மை, இருப்புக் கணக்கில் இரண்டு தனிப் பொருளாக நின்றிருக்கிறது!

இப்போது இரண்டு சிக்கல். ஒன்று, விலைகள் ஒரே நேர்க்கோட்டில் நிற்கவில்லை. பெயரை 24 எழுத்துக்கு இடைவெளி நிரப்பி அடுத்து விலை போடுகிறேன், ஒவ்வொரு வரியிலும் விலை ஒவ்வோர் இடத்தில் நிற்கிறது. இரண்டு, படம் அனுப்பினால் பாதி வந்து, மீதி குப்பை எழுத்தாக ஒரு முழம் ஓடுகிறது.

ஒற்றைப்பிட் எழுதியது:

முதல் சிக்கலுக்கு: எண்ணிக்கையை விடுங்கள், புள்ளியை அளங்கள். 'துவரம் பருப்பு' 14 என்கிறது பைத்தான், 'சீனி' 4 என்கிறது. இரண்டையும் 24 வரை இடைவெளியால் நிரப்பினால் எப்படிச் சமமாகும்? தாளில் அச்சாகும் அகலம் 576 புள்ளி. வலது ஓரத்திலிருந்து விலையின் அகலத்தை அளந்து கழித்து அங்கே தொடங்குங்கள். பெயருக்கு 300 புள்ளி என்று ஒதுக்கி, அதற்கு மேல் போனால் சொல் எல்லையில் அடுத்த வரிக்கு மடியுங்கள். சொல்லே நீளமென்றால் எழுத்தின் நடுவில் வெட்டாதீர்கள். குறியீட்டு எண்ணிக்கையில் வெட்டினால் புள்ளியும் கொம்பும் தனியாக அடுத்த வரிக்குப் போய் நிற்கும். விலைகளுக்கு மட்டும் எல்லா எண்ணும் ஒரே அகலமாக இருக்கும் வேறோர் எழுத்துருவைப் பயன்படுத்துங்கள், தசமப் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், கூட்டிப் பார்க்கிறவர்களுக்கு அது பெரிய உதவி.

இரண்டாவது சிக்கல் கிட்டத்தட்ட எல்லாருக்கும் வருவது. படக் கட்டளையின் தலைப்பகுதி 8 பைட்:

29, 118, 48, 0, பிறகு அகலம் இரண்டு பைட், உயரம் இரண்டு பைட்.

அகலத்தைப் புள்ளியில் கொடுக்கக் கூடாது, பைட்டில் கொடுக்க வேண்டும். ஒரு பைட்டில் 8 புள்ளி, ஆக 576 புள்ளிக்கு 72. உயரம் மட்டும் புள்ளி வரிசையில். 120 வரிசைப் படம் என்றால் 29, 118, 48, 0, 72, 0, 120, 0. அதற்குப் பின்னால் சரியாக 72 பெருக்கல் 120, அதாவது 8,640 பைட் வர வேண்டும். ஒன்று கூடினாலும் கூடியது எழுத்தாக அச்சாகும், அதுதான் உங்கள் குப்பை. குறைந்தாலோ அடுத்து வரும் வெட்டுக் கட்டளையைப் படத்தின் மிச்சம் என்று விழுங்கிவிட்டுப் பிரிண்டர் காத்துக்கொண்டே நிற்கும். 255 வரிசைக்கு மேல் போனால் உயரத்தின் இரண்டாவது பைட்டுக்கு ஏற வேண்டும்: 900 வரிசை என்றால் 132, 3 (3 பெருக்கல் 256, கூட்டல் 132).

முழுப் பில்லையும் ஒரே படமாக அனுப்பாமல் 120 வரிசைத் துண்டுகளாக வெட்டி அடுத்தடுத்து அனுப்புங்கள். நடுவில் வரி நகர்த்தும் கட்டளை போடாவிட்டால் துண்டுகள் தையல் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். பிரிண்டருக்குப் பிட் 1 என்றால் கறுப்பு. பில்லோவில் 1 என்றால் வெள்ளை. முதல் தாள் முழுக்கக் கறுப்பாக வந்தால் பிட்டைத் திருப்பவில்லை என்று அர்த்தம்.

புதுவரவு எழுதியது:

இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். என் படம் வந்துவிட்டது, ஆனால் எழுத்தின் ஓரம் எல்லாம் எறும்பு அரித்த மாதிரி இருக்கிறது. பிரிண்டர் தலை தேய்ந்துவிட்டதா?

தட்டச்சன் எழுதியது:

தலையைக் குறை சொல்லாதீர்கள். பில்லோவில் சாம்பல் நிறப் படத்தை ஒரு பிட் படமாக மாற்றினால், நாம் வேண்டாம் என்று சொல்லாதவரை அது புள்ளி தூவிச் சாம்பலைப் போலச் செய்யும். புகைப்படத்துக்கு அது நல்லது, எழுத்துக்குக் கேடு. 128-க்குக் கீழே கறுப்பு, மேலே வெள்ளை என்று ஒரே வெட்டாக வெட்டுங்கள். இல்லை, தொடக்கத்திலேயே ஒரு பிட் படத்தில் வரையுங்கள். பெரிதாக வரைந்து சுருக்குவதும் வேண்டாம். தாளில் எத்தனை புள்ளியோ அத்தனை புள்ளியில் வரைய வேண்டும்.

மெல்லிய எழுத்துரு தெர்மல் தாளில் நிற்காது. ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிதான் இருக்கிறது, மெல்லிய கோடு ஒரு புள்ளி அகலத்துக்கு வந்துவிட்டால் தமிழின் வளைவுகள் அறுந்துபோகும். நடுத்தரத் தடிமன் எடுத்துக்கொள்ளுங்கள், 28 புள்ளி அளவுக்குக் குறையாமல். 'ன', 'ண' வித்தியாசம் கைநீட்டும் தூரத்தில் தெரிய வேண்டும், அதுதான் என் அளவுகோல். அச்சிட்டு, கண்ணாடி போடுகிற ஒருவரிடம் கண்ணாடி இல்லாமல் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

காலைத்தோசை எழுதியது:

ஒரு மெஸ்ஸுக்கு ஆண்ட்ராய்டு டேப்பில் எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன். எங்களிடம் 58 மி.மீ புளூடூத் பிரிண்டர். அதன் அச்சு அகலம் 384 புள்ளி, அதாவது 48 பைட். ஆண்ட்ராய்டில் கேன்வாஸ் மேல் ஸ்டேட்டிக் லேஅவுட் கொண்டு வரைந்தால் தமிழ்க் கோர்வை தானாகவே சரியாக வரும், ராக்ம் கவலை கிடையாது.

ஆனால் புளூடூத்தில் வேகமாகத் தள்ளினால் சின்னப் பிரிண்டரின் நினைவகம் நிரம்பி, நடுவில் பைட் தொலைந்து, ஒற்றைப்பிட் சொன்ன அதே குப்பை வரும். நான் 512 பைட் அனுப்பி 30 மில்லி விநாடி பொறுத்து அடுத்ததை அனுப்புகிறேன், அதற்கப்புறம் தொந்தரவு இல்லை. கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாகக் கடைப்பெயர் போட ஆசைப்படாதீர்கள். ஒரே வரிசையில் நிறையப் புள்ளி சூடானால் பேட்டரிப் பிரிண்டர் திணறும், வரி வரியாக வெளிறிப்போகும்.

அப்புறம் அடுப்படிக்குப் போகும் ஆர்டர் சீட்டு. அதற்கு வேறு பிரிண்டர், லேன் கம்பியில். 9100 என்ற போர்ட்டைத் திறந்து அதே பைட்டுகளை அனுப்பினால் போதும், டிரைவரே வேண்டாம். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு மின்சாரம் போய் வந்தது. ரவுட்டர் பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரி கொடுத்துவிட்டது. என் நிரல் பழைய முகவரிக்கே அனுப்பிப் பிழையை விழுங்கிவிட்டது, திரையில் 'ஆர்டர் போயிற்று' என்று பச்சை நிறம். சாப்பிட வந்தவர்கள் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருக்க, உள்ளே மாஸ்டர் ஆர்டரே வரவில்லை என்று சும்மா நிற்கிறார். அன்றைக்குத் திட்டு வாங்கியது சப்ளை செய்கிற பையன்தான், அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. பிரிண்டருக்கு நிலையான முகவரி கொடுங்கள். பிழையை ஒருபோதும் விழுங்காதீர்கள்.

ஒற்றைப்பிட் எழுதியது:

காலைத்தோசை சொன்னதை எல்லாரும் இரண்டு தடவை படிக்க வேண்டும். பைட்டுகளை எழுதி முடித்தோம் என்றால் அவை நம் கையை விட்டுப் போயின என்று மட்டும்தான் பொருள். தாளில் விழுந்ததா என்று பிரிண்டரைத்தான் கேட்க வேண்டும்.

கேட்க வழி இருக்கிறது. 16, 4, 4 என்று மூன்று பைட் அனுப்பினால் ஒரு பைட் பதில் வரும். 18 வந்தால் தாள் இருக்கிறது. 32, 64 மதிப்புள்ள பிட்டுகள் சேர்ந்து வந்தால், அதாவது 114 போல வந்தால், தாள் தீர்ந்தது. 4, 8 மதிப்புள்ள பிட்டுகள் ரோல் தீரப்போகிறது என்று சொல்பவை, அந்த உணரி இருக்கிற பிரிண்டரில் மட்டும். மூடி திறந்திருக்கிறதா என்பதற்கு 16, 4, 2. சுக்குமல்லி, எல்பி0 கோப்பை எழுத மட்டும் திறக்காமல் படிக்கவும் சேர்த்துத் திறங்கள், அப்போதுதான் பதில் வரும். பதில் வராமலே போனால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று ஒரு வரம்பும் வையுங்கள்.

பில்லைத் தரவுத்தளத்தில் முதலில் எழுதுங்கள், 'அச்சாகவில்லை' என்ற நிலையோடு. அனுப்பி, நிலை கேட்டு, சரி என்றால் மட்டும் 'அச்சானது' என்று மாற்றுங்கள். பாதியில் ரோல் தீர்ந்தால் ரோல் மாற்றியதும் முழுப் பில்லையும் முதலிலிருந்து அச்சிடுங்கள், அதே பில் எண்ணோடு. வாடிக்கையாளர் பின்னால் வந்து கேட்டு எடுக்கும் பில்லில் 'நகல்' என்று மேலே பெரிதாக இருக்கட்டும், ஒரே பில்லை இரண்டு தடவை காட்டிப் பொருளைத் திருப்ப முடியாது.

சுக்குமல்லி எழுதியது:

துண்டு துண்டாக அனுப்பியதும் குப்பை நின்றது. என் தவறு, அகலத்தில் 576 என்றே கொடுத்து வைத்திருந்தேன்.

வேகம் பற்றி ஒரு கேள்வி. பக்கத்துக் கடைக்காரரும் இதே மென்பொருளைக் கேட்கிறார். அவரிடம் சீரியல் கம்பி வைத்த பழைய பிரிண்டர். படம் அனுப்பினால் தாங்குமா?

ஒற்றைப்பிட் எழுதியது:

கணக்குப் போட்டுவிடலாம். பதினைந்து இருபது உருப்படி உள்ள பில் ஏறத்தாழ 900 புள்ளி வரிசை, தாளில் 11 செ.மீ-க்குச் சற்று மேல். 72 பெருக்கல் 900, ஆக 64,800 பைட். சீரியல் வேகம் விநாடிக்கு 9600 பிட் என்றால், தொடக்க, முடிவு பிட்டுகளோடு ஒரு பைட்டுக்குப் பத்து பிட் வீதம், விநாடிக்கு 960 பைட்தான் போகும். ஒரு பில்லுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல், கடையில் யாரும் நிற்க மாட்டார்கள். 115200-க்கு ஏற்ற முடிந்தால் ஆறு விநாடிக்குள் வந்துவிடும். பிரிண்டரின் அடியில் டிப் சுவிட்ச் இருக்கும், எந்தச் சுவிட்ச் எந்த வேகம் என்பது அதன் கையேட்டில் இருக்கும். அந்த வேகம் அதில் இல்லையென்றால் யூஎஸ்பி பிரிண்டர் வாங்கச் சொல்லுங்கள்.

மழைக்கால நிரல் எழுதியது:

யாரும் தாளைப் பற்றிப் பேசவில்லையே? தெர்மல் தாளில் மை கிடையாது, பூச்சு சூடுபட்டுக் கறுக்கிறது, அவ்வளவுதான். வெயிலில் வைத்தால் எழுத்து வெளிறும், அடுப்புப் பக்கம் வைத்தால் தாளே கறுக்கும், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்தாலும் சில மாதத்தில் மங்கிவிடும். ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கிற கடை கணக்குகளை ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பியில் குத்தி வைத்த தெர்மல் நகலை நம்பினால் ஆறு வருஷம் கழித்து வெள்ளைத் தாள்தான் இருக்கும். தரவுத்தளத்தைத் தினமும் வேறொரு வட்டில் நகல் எடுத்து வையுங்கள். இதில் நான் ஒற்றைப்பிட்டோடு முழுக்க ஒத்துப்போகிறேன், முதலில் தரவுத்தளம், அப்புறம் தாள்.

சுக்குமல்லி எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். கடையில் ஓட ஆரம்பித்துவிட்டது. நீங்கள் சொன்னபடி ராக்ம் சோதனை, 120 வரிசைத் துண்டு, 16, 4, 4 எல்லாம் வைத்திருக்கிறேன். கடைசியில் தாளைக் கொஞ்சம் நகர்த்தி வெட்ட 29, 86, 66, 0. கல்லாப்பெட்டிக்கு 27, 112, 0, 25, 250, அதுவும் பணம் வாங்கும் பில்லுக்கு மட்டும்.

முதல் நாள் காலை ஒரு பாட்டி வந்தார், வாரம் ஒருமுறை வருகிறவர். பில்லைக் கொடுத்ததும் வழக்கம்போல மடிக்கப் போனவர் நிறுத்தி, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தார். 'கோதுமை மாவு இரண்டு கிலோ' என்று வந்ததும், "தம்பி, நான் ஒண்ணுதானே கேட்டேன்?" என்றார். பையைத் திறந்து பார்த்தால் ஒரு கிலோ பொட்டலம்தான் இருந்தது. சித்தப்பா 62 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். முன்னால் எத்தனை தடவை இப்படி நடந்து தெரியாமல் போயிற்றோ என்று அவரே மெதுவாகச் சொன்னார்.

நிரலைச் சுத்தம் செய்து இங்கே போடுகிறேன், ஒரு வாரம் கொடுங்கள்.

புதுவரவு எழுதியது:

நிரலுக்குக் காத்திருக்கிறேன் அண்ணா. அதுவரை ஒரு சின்னக் கேள்வி: எழுத்தை நடுவில் நிறுத்தும் 27, 97, 1 கட்டளை படத்துக்கும் செல்லுமா? கடையின் சின்னம் 200 புள்ளி அகலம்தான், இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

ஒற்றைப்பிட் எழுதியது:

செல்லும். ஆனால் வரியின் தொடக்கத்தில், படக் கட்டளைக்கு முன்னால் அனுப்ப வேண்டும். முடிந்ததும் 27, 97, 0 போட்டு இடப்பக்கம் திருப்புங்கள். முழுப் பில்லும் 576 புள்ளிப் படமாகவே போகிறது என்றால் சின்னத்தை இடமிருந்து 188 புள்ளி தள்ளி அதே படத்தில் ஒட்டிவிடுங்கள், கட்டளையே தேவைப்படாது.